மையும் மருந்தும் மனத்தை ஆளுமோ?

கரிசற் காட்டிலே பருத்தி வெடிக்கிறது. கோவில்பட்டியிலே தீப்பெட்டித் தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிட்டது. உழைப்பால் உயர்ந்த சீமை இது. இந்தச் சீமையின் சுவர்களிலேதான், "இடுமருந்து எடுக்கப்படும், வசியம் செய்து தரப்படும்" என்ற எழுத்துகளையும் காண்கிறோம். ஊருக்கெல்லாம் ஒளி தந்தோர் வீட்டிலா இந்த இருட்டு?

மகன் மனைவியிடம் அன்பு காட்டினால், "மருந்து வைத்து மயக்கிவிட்டாள்" என்கிறது வீடு. அவளை விட்டு விலகினாலோ, "வேறொருத்தி வசியம் வைத்துவிட்டாள்" என்கிறது தெரு. அன்பிருந்தாலும் பழி, அற்றாலும் பழி. இரண்டும் பெண்ணின் தலையிலே! ஆடவன் மட்டும் அறியாப் பிள்ளையாம்! வயிற்றிலிருந்து குழலால் உறிஞ்சி எடுத்ததாகக் காட்டும் மயிர்ச்சுருள், எடுப்பவன் வாயிலோ விரலிடுக்கிலோ முன்னரே ஒளிந்திருந்தது என்று எண்ணிப்பார்க்கவும் நமக்கு நேரமில்லை.

பாட்டியின் கைமருந்தை நாம் பழிக்கவில்லை. மூலிகையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம், வென்றால் வரவேற்போம். சோதனைக்கு அஞ்சும் மந்திரத்தையே எதிர்க்கிறோம். "பாம்புக்கடி மந்திரத்தால் இறங்கியதே!" என்பர். பாம்புகளுள் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நச்சுப் பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமலே கடிக்கும். பிழைத்தவன் மந்திரத்துக்குச் சான்றாகிறான்; மாண்டவன் விதிக்குச் சான்றாகிறான்! விரியன் தீண்டியவனுக்கு வேப்பிலை அடித்துக் கழிக்கும் ஒவ்வொரு நாழிகையும், நச்சுமுறி ஊசியிடமிருந்து அவனைப் பிரிக்கும் நாழிகையன்றோ?

அயர்லாந்திலும் இத்தகைய கைமருந்துகளும் காதல் மந்திரங்களும் மலிந்திருந்தன. 1937 முதல் 1939 வரை, ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் சிறார்கள் ஊர்ப் பெரியோரிடம் கேட்டுப் பழவழக்கங்களை ஏட்டில் எழுதினர். அந்நாடு அந்த ஏடுகளைக் காப்பகத்திலே வைத்தது. நாமோ தாயத்தைக் கழுத்திலே கட்டிக்கொள்கிறோம்! நம் மாணவர் கையிலும் ஓர் ஏட்டைக் கொடுப்போம், பாட்டி சொன்னதை எழுதட்டும், எழுதிய ஒவ்வொரு வரியின் எதிரிலும் "ஏன்?" என்று கேட்கட்டும்.

இளைஞர்களே! வசிய மை தேடி அலைபவன் காதலன் அல்லன். பெண்ணின் சம்மதத்தைக் கேட்க அஞ்சும் கோழை. மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பதை ஏற்காதவன். காதலரைப் பிரிப்பது செய்வினையுமன்று, சாதியும் வரதட்சணையும்தான். எதிர்க்க வேண்டியது அவற்றையே.

சுயமரியாதைத் திருமணத்தை 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. புரோகிதர் வேண்டா, சுற்றமும் நட்பும் சூழ, ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று சொல்லி மாலை மாற்றினாலே போதும். திருமணத்துக்கே மந்திரம் தேவையில்லை என்றான பின், காதலுக்கு எதற்கு மந்திரம்?