ஆரணி டு சிங்கப்பூர்: 4 மணி நேரமா, 12 மணி நேரமா?

சென்னை – சிங்கப்பூர் எவ்வளவு தூரம்னு கூகுள்ல தட்டினா, சட்டுனு பதில் வரும்: சுமார் 2,900 கிலோமீட்டர், நான்கேகால் மணி நேரம். மீனம்பாக்கம் பக்கத்தில் குடியிருப்பவருக்கு ஓகே. ஆரணிக்காரருக்கு இது பாதிக் கணக்குகூட இல்லை.

அந்த நம்பர் எப்படி வருது? 2,900 என்பது பூமியின் வளைவை ஒட்டி இரண்டு ஊருக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம். உயரத்தில் விமானம் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் மூணு மணி இருபது நிமிஷம்தான் வரணும். மிச்ச நேரம் ஓடுபாதை வரை ஊர்ந்து போக, மேலே ஏற, இறங்க இடம் கிடைக்கும்வரை வட்டமடிக்க. இதையும் சேர்த்துத்தான் டிக்கெட்டில் நேரம் போடுறாங்க. இன்னொன்று, சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுது. இரவு 11 மணிக்குக் கிளம்பி காலை 5.45-க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் பயப்படாதீங்க, அதுவும் அதே நான்கேகால் மணி நேரம்தான்.

இப்போ அந்த 11 மணி விமானத்தைப் பிடிக்க, பெட்டியில் இரண்டு பட்டுப்புடவையோடு ஆரணியிலிருந்து ஒரு அம்மா கிளம்புறாங்கன்னு வைங்க. ஏர்போர்ட் சுமார் 130 கி.மீ. காரிலேயே மூன்று, மூன்றரை மணி நேரம். பஸ் என்றால் சென்னையில் இறங்கி இன்னொரு வண்டி பிடிக்கணும். செக்-இன்னுக்கு 8 மணிக்கே அங்கே இருக்கணும். ஆக, சாயங்காலம் 4 மணிக்கே வீட்டைப் பூட்டணும். சிங்கப்பூரில் இமிக்ரேஷன் முடிந்து வெளியே வரும்போது 12 மணி நேரம் ஓடியிருக்கும். அதில் விமானத்தின் பங்கு மூன்றில் ஒன்றுதான்.

அந்த ஒரு பங்கு இனி பெரிசா குறையவும் போறதில்லை. 1960-களின் போயிங் 707-க்கும் இன்றைய ஜெட்டுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒலியை முந்திய கான்கார்டும் 2003-லேயே ஓய்வு பெற்றுவிட்டது. குறைக்க முடிந்தது தரையில் போகும் நேரம் மட்டும்தான். ஆனால் நாம விவாதிக்கிறது எல்லாம் ஓடுபாதை பற்றி, டெர்மினல் பற்றி. பரந்தூரில் ஏர்போர்ட் வந்தால் ஆரணிக்குத் தூரம் குறையும், உண்மைதான். ஆனால் அந்த நிலத்துக்காக ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து போராடிக்கிட்டிருக்காங்க. அவங்க கொடுக்கும் விலையில் நம்ம ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்பதையும் கணக்கில் சேர்க்கணும்.

எனக்குக் கேட்கத் தோணுவது ரயிலைத்தான். புவிசார் குறியீடு வாங்கிய பட்டு ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. 'ஆரணி ரோடு' என்று பெயர் வைத்த நிலையம் இருப்பது களம்பூரில். ஆரணி வழியாகப் போக வேண்டிய திண்டிவனம் – நகரி பாதைக்கு 2006-07-லேயே ஒப்புதல் கிடைத்தது. அன்று பிறந்த பிள்ளைக்கு இன்று ஓட்டுப் போடும் வயசு.