ஒளியைத் தங்கவைக்கும் கலையும் தமிழும்

பீஜப்பூரில் சுல்தான் முகம்மது ஆதில்ஷாவின் அடக்கத்தலமாகிய கோல்கும்பஸைக் கண்டவர்கள் ஒரு விந்தையை உணர்ந்திருப்பர். மாடத்தின் ஓரிடத்தில் மெல்லப் பேசிய சொல், வளைந்த சுவரை ஒட்டியே ஓடி, எதிர்ப்புறம் நிற்பவர் செவியில் தெளிவாக விழும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921-22 ஆம் ஆண்டுகளில் இதனை ஆராய்ந்து எழுதினார்.

ஒலிக்கு அமைந்த அம்மாடம் பின்னர் ஒளிக்கும் அமைந்தது. 1992-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூட அறிஞர்கள், சில மைக்ரோமீட்டர் விட்டமே உடைய குறைக்கடத்தி வட்டின் விளிம்பில் ஒளியைச் சுற்றவிட்டு லேசர் கண்டனர். 2003-இல் சப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சுசுமு நோடா குழுவினர் வேறு வழி கண்டனர். வரிசையாக நுண்துளையிட்ட சிலிக்கான் தகட்டில் மூன்று துளைகளை மட்டும் இடாது விட்டு, அவ்விடத்தில் ஒளியைச் சிறைவைத்தனர். சிறையின் எல்லை திடுமென முடிந்தபோது ஒளி மேலும் கீழும் கசிந்தது. இருமுனைத் துளைகளையும் ஏறத்தாழ 60 நானோமீட்டர் வெளியே நகர்த்தியதும் கசிவு குறைந்தது. தரக்காரணி 45,000-ஐ எட்டியது. வலிமையாகச் சிறைப்படுத்த மென்மையாகச் சிறைப்படுத்துதல் வேண்டும் என்பதே அவர்கள் கண்ட நெறி.

இங்கு என் கருத்தொன்றைக் கூற விரும்புகிறேன். 'தரக்காரணி' என்னும் சொல் மாணவனுக்கு எதனை உணர்த்துகிறது? 45,000 என்றால் ஒளியலை ஏறத்தாழ 7,000 முறை அதிர்ந்த பின்னரே அதன் ஆற்றல் மூன்றிலொரு பங்களவிற்குக் குறையும் என்று பொருள். ஆகவே இதனைத் 'தங்குதிறன்' என்று விளக்கினால் பொருள் தானே விளங்கும். வழக்கிலுள்ள சொல்லை மாற்றுவது குழப்பம் தரும் என்பர் சிலர். மாற்றவேண்டுவதில்லை, தேர்வுக்கு அச்சொல் இருக்கட்டும், விளக்கத்திற்கு இச்சொல் துணை நிற்கட்டும்.

பள்ளியில் தமிழில் அறிவியல் பயின்ற மாணவன், கல்லூரி வாயிலில் ஆங்கிலத்தைத் திடுமென எதிர்கொள்கிறான். அவன் கற்றது அந்த எல்லையிலேயே கசிந்துபோகிறது. ஆங்கிலம் வேண்டா என்பதன்று என் வாதம். முதலாண்டிலேனும் தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் ஒருங்கமர்ந்து, பாடத்தின் அருஞ்சொற்களுக்குப் பொருள்விளங்கும் தமிழ் விளக்கங்களைத் தொகுத்தளித்தல் வேண்டும். அவ்வெல்லையைச் சற்றே நகர்த்தி மென்மையாக்குவோம். அறிவொளி மாணவர் உள்ளத்தில் நெடிது தங்கும்.