களைப்பும் ஒரு துண்டுக் கடதாசியும்

இம்மாதம் இரத்தப் பரிசோதனை பற்றிக் கதைப்போம். கண்டியைச் சுற்றி வத்தேகம, கலஹா, கட்டுகஸ்தோட்டை பக்கங்களில் நான் சந்திக்கும் பெண்களில் யுத்த காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து தங்கியவர்களும் இருக்கிறார்கள். "உடம்புக்கு எப்படி?" என்று கேட்டால் பலரின் பதில் ஒன்றுதான். "ஒரே களைப்பு மிஸ். யோசனைதானே." யுத்தம் 2009 இல் முடிந்தும் அந்தப் பதில் மாறவில்லை. கணவனை இழந்தவரோ காணாமற்போன பிள்ளையைத் தேடித் திரிபவரோ களைப்பு என்று சொன்னால், வீட்டிலுள்ளவர்களும் அதை யோசனைக் கணக்கிலேயே போட்டுவிடுகிறார்கள். யோசனை ஆளைக் களைக்கப் பண்ணும், உண்மைதான். இரத்தம் குறைந்தாலும் அதே களைப்புத்தான் வரும். எது எவ்வளவு என்று அறிய முதலில் ஒரு சிறு குழாய் இரத்தம் கொடுக்க வேண்டும்.

வைத்தியர்கள் அதிகம் எழுதிக்கொடுப்பது எப்.பி.சி. எனப்படும் முழு இரத்தக் கணக்கு. செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டுக்கள் என்ற மூன்றையும் அது எண்ணிச் சொல்லும். நமக்கு முக்கியமானது ஹீமோகுளோபின் என்ற வரி. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12 இற்குக் குறைந்தால் இரத்தச்சோகை. 8 இற்கும் கீழே போனால் கடுமையானது, அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா பல வருடங்களாக மூச்சு வாங்கிக்கொண்டே மேடு ஏறினார். பச்சை அரிசியை வாயில் போட்டு மெல்லுவார். அதுவும் இரும்புச்சத்துக் குறைவின் ஓர் அடையாளம் என்பது பலருக்குத் தெரியாது. பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 7.4. வைத்தியர் கேட்ட பிறகுதான் மாதவிடாய் எட்டு ஒன்பது நாள் போவதை வெளியே சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. அதுவரை வீட்டில் ரொனிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! கணவரைப் பற்றிய யோசனை இன்றும் அவருக்கு இருக்கிறது. ஆனால் இப்போது தண்ணீர்க் குடத்தோடு அதே மேட்டை நிற்காமல் ஏறுகிறார்.

ஆகவே இரத்தம் குறைவு என்று தெரிந்தால் அதோடு விடக்கூடாது, ஏன் குறைந்தது என்றும் கேட்க வேண்டும். மாதவிடாயா, பூச்சியா, சாப்பாடா, வயிற்றுக்குள் எங்காவது இரத்தம் கசிகிறதா? அறிக்கையில் எம்.சி.வி. என்றும் ஒரு வரி இருக்கும். அது செங்குழியத்தின் அளவு. இரும்புச்சத்து குறைந்தால் குழியம் சிறுத்துவிடும். ஆனால் தலசீமியாவைக் காவும் பரம்பரையினருக்கும் அது சிறிதாகவே இருக்கும். இவர்களில் இரும்புச்சத்துக் குறைவு இல்லாதவர்களுக்கு இரும்புக் குளிசையால் பலனில்லை. கலியாணத்துக்கு முன் பிள்ளைகளுக்கு இதைப் பார்ப்பது நல்லது. இருவருமே காவிகளாக இருந்தால் பிறக்கும் பிள்ளைக்குக் கடும் நோய் வரலாம்.

நம் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் வர்த்தகத்துக்காகத் தேயிலை நட்டது ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில்தான். அன்றிலிருந்து ரொட்டியோடும் பிளேன்ரீ, சோற்றுக்குப் பின்னும் பிளேன்ரீ. சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சேருவதைத் தேயிலைச் சாயம் தடுக்கிறது. தேநீரை விடச் சொல்லவில்லை, அது நடக்காத காரியம். சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். இரும்புக் குளிசை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

இரத்தம் சரியாக இருந்தும் களைப்பு, உடம்பு ஊதுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல் இருந்தால் டி.எஸ்.எச். பார்க்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அது தைரொயிட் சுரப்பிக்கான பரிசோதனை. எண் கூடினால் சுரப்பி வேகமாக வேலை செய்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மறுபக்கம்: சுரப்பி மந்தமாகிவிட்டதால் மூளை அதைக் கூடத் தூண்டுகிறது.

சீனி வருத்தத்துக்கு எப்.பி.எஸ். குறைந்தது எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்து கொடுப்பது, தண்ணீர் குடிக்கலாம். 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சீனி வருத்தம் என்று கருதி இன்னொருமுறை பார்த்து உறுதிசெய்வார்கள். எச்.பி.ஏ.1சி. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும், ஏனெனில் செங்குழியம் ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்தால் இதை ஏமாற்ற முடியாது. ஆனால் இரத்தச்சோகை உள்ளவருக்கு இந்த எண் பிழையாகவும் காட்டலாம். அதனால் இரண்டு அறிக்கைகளையும் சேர்த்தே காட்டுங்கள்.

காய்ச்சல் மூன்றாம் நாளும் நிற்கவில்லை என்றால் எப்.பி.சி. கட்டாயம். 2017 இல் நம் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு சந்தேகம் பதிவானது. சிறுதட்டுக்கள் நாளுக்கு நாள் குறைவதைப் பார்க்க வேண்டியிருப்பதால் திரும்பத் திரும்ப இரத்தம் எடுப்பார்கள், கோபிக்காதீர்கள்.

எல்லாம் 'நோர்மல்' என்று வந்தால்? சிலருக்கு அது ஆறுதல். சிலருக்கோ, "ஒன்றுமில்லை, சும்மா நடிக்கிறாள்" என்று வீட்டில் கேட்கவேண்டி வரும். இது எனக்குக் கோபம் தரும் விடயம். நித்திரை இல்லாமை, செல் சத்தம் காதில் கேட்பது போன்ற பதற்றம், அழுகை இவற்றை எந்த ஆய்வுகூடத்து இயந்திரமும் எண்ணாது. அவற்றுக்கும் மருத்துவம் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்கில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் சிங்களத்தில் வரும், நாம் தலையாட்டிவிட்டு வருவோம். தலையாட்ட வேண்டாம். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. தமிழ் தெரிந்த தாதி ஒருவரையாவது கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் அருகிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் சுகவனிதையர் கிளினிக் நாள் எப்போது என்று விசாரியுங்கள். சீனியும் பிரஷரும் அங்கு பார்க்கலாம்.

செல் துண்டு உடம்பில் இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. படம் எடுக்குமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பழைய கிளினிக் கொப்பிகள் இடம்பெயர்வில் தொலைந்துபோயிருக்கும். பரவாயில்லை, இனி வரும் துண்டுகளைத் திகதி வாரியாக ஒரு கோப்பில் சேருங்கள். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் காணாமற்போனவரின் படமும் வைத்திருக்கிறீர்களே ஒரு பை, அதற்குள்ளேயே உங்கள் அறிக்கையையும் வையுங்கள்.