பாகூர்ல கேக்காம பாகூருக்குக் கேள்வித்தாளா?

மக்கள் விருப்பம் பத்தி எடுக்கிற சர்வேக்கள் மேல இருக்கிற கோபத்தை இந்த த்ரெட்ல கொட்டிடறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

சுகாதாரப் பொருளாதாரத்துல 'டிசிஇ'ன்னு ஒரு முறை இருக்கு. ரெண்டு கிளினிக்கைக் காட்டுவாங்க. ஒண்ணு 2 கிலோமீட்டர், 90 நிமிஷம் காத்திருக்கணும், 50 ரூபாய். இன்னொண்ணு 8 கிலோமீட்டர், 30 நிமிஷம், இலவசம். எது வேணும்? இப்படிப் பல தடவை மாத்தி மாத்திக் கேட்டு, எதுக்காக எதை விட்டுக்கொடுக்கிறீங்கன்னு கணக்குப் போடுவாங்க. இதுக்கு அடித்தளமான வேலைக்காக டேனியல் மெக்ஃபேடனுக்கு 2000-ல பொருளாதார நோபல் கிடைச்சது. முறையோட எனக்குச் சண்டை இல்ல.

அந்த தூரம், நேரம், காசுங்கிற பட்டியல் எங்கிருந்து வந்துச்சு? அங்கதான் சண்டை. வெளிநாட்டுக் கட்டுரை ஒண்ணுல இருந்து எடுத்து, தமிழ்ல பெயர்த்து, வில்லியனூர் கொம்யூனுக்குக் கொண்டு வந்துடறாங்க.

நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் ஃபீஸே கிடையாது. அங்க போய் "50 ரூபாயா, 100 ரூபாயா"ன்னு கேட்டா, "இனிமே காசு வாங்கப் போறீங்களா?"ன்னு பாட்டிங்க பதறத்தான் செய்வாங்க. கிலோமீட்டரும் அப்படித்தான். பாகூர் பக்கம் எத்தனை பஸ் மாறணும், திரும்ப பஸ் எப்போ, இதுதான் தூரம்.

சுகர் மாத்திரைக்கு வர்றவங்களோட, ஓ.பி. முடிஞ்சப்புறம் உக்காந்து பேசிப் பாருங்க. மாத்திரை 15 நாளைக்கா, ஒரு மாசத்துக்கா? வெறும் வயித்துல ரத்தம் குடுத்துட்டு ரிசல்ட்டுக்கு இன்னொரு நாள் வரணுமா? அந்த இன்னொரு நாள்னா நடவுக் கூலி போச்சு. ரொம்ப நேரம் கழிச்சு, மெதுவா ஒண்ணு வரும்: "நடுவுல மாத்திரை விட்டதுக்கு எல்லார் முன்னாடியும் திட்டுவாங்க சார்." நான் பாத்த எந்தக் கேள்வித்தாள்லயும் இது இல்ல.

பட்டியல்ல இல்லாததை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனா தப்பான பட்டியலுக்கும் மென்பொருள் ஒரு நம்பரைத் துப்பும். பி-வேல்யூ கூட அழகா வரும். 'காத்திருப்பு நேரமே முக்கியம்'னு ரிப்போர்ட் போகும். டோக்கன் மெஷின் வரும். மாத்திரை அதே 15 நாளைக்குத்தான்.

"பத்துப் பேர்கிட்ட பேசினது கதை, டேட்டா இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு: இந்தப் பட்டியலை நேர்காணல்ல இருந்து முறையா உருவாக்கணும்னு ஜோவானா கோஸ்டும் ஹாராக்ஸும் 2007-லயே எழுதிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் வந்த ஒரு ஆய்வுல இங்கிலாந்துல 40 முதியவங்ககிட்ட பேசினப்போ கிடைச்சது பாசம், தனக்குன்னு ஒரு பங்கு, சந்தோஷம், பாதுகாப்பு, தன் முடிவு தன் கையில இருக்கிறது. 'உடல்நலம்'ங்கிற வார்த்தையே அந்த அஞ்சுல இல்ல! (தயவுசெஞ்சு இதையும் அப்படியே பெயர்த்து இங்க கொண்டு வராதீங்க.)

நம்ம நாட்டு ஈக்யூ-5டி மதிப்பீட்டுக்கு 5 மாநிலங்கள்ல 3,548 பேரைக் கேட்டாங்க, 2022-ல வெளியாச்சு. பெரிய வேலை, பாராட்டறேன். ஆனா எந்த 5 விஷயத்தைக் கேக்கணும்னு ஐரோப்பாவுல எப்பவோ முடிவாயிடுச்சு.

எத்திக்ஸ் கமிட்டியில உக்காந்திருக்கிறவங்களே, அடுத்த டிசிஇ ஃபைல் வந்தா சாம்பிள் சைஸுக்கு முன்னாடி நேர்காணல் பதிவைக் கேளுங்க. வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு மருந்து கவுன்ட்டர் பக்கத்துல நின்னு எடுத்ததா இருந்தா திருப்பி அனுப்புங்க. கிளினிக்குக்கு வர்றவங்களை மட்டும் கேட்டிருந்தாலும் திருப்பி அனுப்புங்க. வர்றதை நிறுத்தினவங்க வீடு எங்கன்னு அந்த ஊர் ஏ.என்.எம். அக்காவுக்குத் தெரியும்.