பொருள் தேடும் வாழ்க்கையும் பொருள் உள்ள வாழ்க்கையும்

தமிழில் 'பொருள்' என்ற சொல்லுக்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று செல்வம். மற்றொன்று அர்த்தம். வணிகவியல் வகுப்பில் மூன்று ஆண்டுகள் சொல்லித் தருவது முதல் பொருளைப் பற்றி. இரண்டாவது பொருளுக்குப் பாடத்திட்டத்தில் தனித் தாள் கிடையாது. ஆனால் கடைசி ஆண்டு நெருங்கும்போது மாணவர் மனதைக் குடைவது என்னவோ அந்த இரண்டாவதுதான்.

பி.காம். முடிக்கப் போகிறவனிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அடுத்து என்ன?" சி.ஏ. என்று சொன்னால், அதற்கு அடுத்து என்ன? நல்ல வேலை. அதற்கு அடுத்து? வீடு, திருமணம், பிள்ளைகள். அதற்கு அடுத்து? பிள்ளைகளின் படிப்பு. அந்தப் பிள்ளைகளிடமும் ஒருநாள் யாரோ "அடுத்து என்ன?" என்று கேட்பார்கள். இந்த வரிசையின் கடைசியில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் எவ்வளவு பசி இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்கப் போதகர் ரிக் வாரன் வாழ்க்கையின் நோக்கம் பற்றி எழுதிய நூல் 2002-ல் வெளிவந்தது. 40 நாட்களில் படித்து முடிக்கும்படி அமைந்த அந்த நூல் மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. சமையல் புத்தகம் அல்ல, பணம் சேர்க்கும் வழி சொன்ன புத்தகமும் அல்ல. "எதற்காக வாழ்கிறோம்?" என்ற கேள்விக்குத்தான் இத்தனை பேர் காசு கொடுத்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவ இளைஞர் கூட்டங்களில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். "உன்னைக் குறித்துக் கடவுளுக்கு ஒரு பெரிய திட்டம் உண்டு." கேட்க ஆறுதலாக இருக்கிறது. தவறும் இல்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் இளைஞன் என்ன செய்கிறான்? தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதுபோல அந்தத் திட்டத்துக்காகக் காத்திருக்கிறான். நாளடைவில் 'பெரிய திட்டம்' என்பது பெரிய சம்பளம், வெளிநாட்டு விசா என்று சுருங்கிவிடுகிறது. அது கிடைக்காமல் போனால், தன் விசுவாசத்தில் குறையோ, கடவுள் தன்னை மறந்துவிட்டாரோ என்று உடைந்துபோகிறான்.

கிறிஸ்தவ விசுவாசம் வாழ்க்கைக்கு நோக்கம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அதை முன்கூட்டியே வரைபடம் போட்டுக் கையில் கொடுப்பதில்லை. கேள்வியைத்தான் மாற்றிக் கொடுக்கிறது. "அடுத்து என்ன?" என்பது "அடுத்து இருப்பவர் யார்?" என்று மாறுகிறது. இதே தமிழ்நாட்டில் வாழ்ந்து முடித்த மூன்று பேரின் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும்.

மூன்று முறை தட்டப்பட்ட கதவு

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தாவும் தந்தையும் மிஷனரி மருத்துவர்கள். அதனாலேயே அவருக்கு அந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்றிருந்த தாயைக் கவனித்துக்கொள்ள 1890-ல் திண்டிவனம் வந்தபோதும், சீக்கிரம் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

ஒருநாள் இரவு அடுத்தடுத்து மூன்று பேர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் உயர் சாதி இந்து. மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். "என் அப்பா மருத்துவர், அவர் வருவார்" என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்களைத் தொடக் கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பிவிட்டார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த இரவு அவரை மாற்றியது. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்தார். 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-ல் வேலூர் வந்தார். ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வேலை 1902-ல் மருத்துவமனை ஆனது. 1909-ல் செவிலியர் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் சி.எம்.சி. மருத்துவமனை அப்படி வளர்ந்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த இரவில் ஐடாவுக்கு யாரும் சி.எம்.சி.யின் வரைபடத்தைக் காட்டவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று வீடுகளில் எழுந்த அழுகுரல்தான். அந்த மூன்று பேருக்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற வேதனையை அவர் கடவுளின் அழைப்பாக எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தது.

வீணாகப் போன வருடங்களா?

அந்த வேலூருக்கு 1946-ல் வந்து சேர்ந்தவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் மலைமக்களுக்குத் தனக்குத் தெரிந்த மருத்துவத்தைச் செய்துவந்தார். அதில் சிறுவன் பார்த்ததெல்லாம் சீழும் புண்ணும்தான். மருத்துவம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்தான். இங்கிலாந்தில் வளர்ந்து, தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றுக்கொண்டு சில வருடங்களைச் செலவிட்டான். பிறகுதான் மனம் மாறி மருத்துவம் படித்தான்.

இன்றைய கணக்கில் அது 'கேரியர் கேப்'. நேர்முகத் தேர்வில் விளக்கம் கேட்பார்கள்.

வேலூரிலும் செங்கல்பட்டிலும் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைப் பார்த்த பால் பிராண்ட், விரல்கள் மடங்கினாலும் முன்கையின் பல தசைகள் நன்றாகவே வேலை செய்வதைக் கவனித்தார். நல்ல தசையின் தசைநாரை எடுத்து, செயலிழந்த விரலை நிமிர்த்தப் பயன்படும்படி மாற்றிப் பொருத்தினார். கைகள் மீண்டும் விரிந்தன. நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்ச்சி இல்லாததால் ஏற்படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்பதையும் உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

ஆனால் கை சரியானால் போதுமா? வேலை கொடுப்பார் யாருமில்லையே. அப்போது அந்தப் பழைய தச்சு வேலை கைகொடுத்தது. நோயாளிகளுக்கு மரவேலை கற்றுக்கொடுக்கும் பட்டறை உருவானது. வீணாகப் போனதாகத் தோன்றிய வருடங்கள் அங்கே தங்கள் கடனைத் தீர்த்தன.

தேய்மானம் இல்லாத கணக்கு

மூன்றாமவர் அந்தப் பால் பிராண்டின் தாய், எவலின். லண்டனில் வசதியான குடும்பத்தில் 1879-ல் பிறந்தவர். ஓவியம் வரையத் தெரிந்தவர். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து கொல்லிமலை ஏறினார். இன்று மாணவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு வேனில் போகும் மலை. அன்று அந்தச் சாலை கிடையாது. காட்டுக் காய்ச்சல் உண்டு.

பல வருடங்கள் உழைத்தும் அவர்கள் பேச்சைக் கேட்டு ஒருவர்கூடக் கிறிஸ்தவராகவில்லை. முதல் உலகப் போரின் முடிவில் பரவிய இன்ஃபுளூயன்சா காய்ச்சல் மலைக்கும் வந்தபோது, நோயாளிகளை விட்டுவிட்டு மற்றவர்கள் ஓடினார்கள். இந்தத் தம்பதி குடிசை குடிசையாகக் கஞ்சி எடுத்துச் சென்றார்கள். அதுவரை அவர்களைக் கடுமையாக எதிர்த்துவந்த பூசாரி, சாகும் தறுவாயில் தன் பிள்ளைகளை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார்.

1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில். எவலினுக்கு வயது 50. லாப நட்டக் கணக்குப் போட்டால், கணவர் இல்லை, பிள்ளைகள் அருகில் இல்லை, மலையில் கண்ட பலனும் மிகக் குறைவு. யாராக இருந்தாலும் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள்.

அவர் மறுபடியும் இந்தியா வந்தார். சமவெளியில் வேலை செய்தார். எழுபதை நெருங்கும்போது மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்வை வாங்கிக்கொண்டு நேராகக் கொல்லிமலைக்கே போனார். இந்த முறை எந்த அமைப்பும் பின்னால் இல்லை. மட்டக் குதிரையில் ஏறி ஊர் ஊராகச் சென்றார். விழுந்து எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மறுபடி நடந்தார். நரம்புச் சிலந்திப் புழு பரவாமல் இருக்கக் கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பக் கற்றுக்கொடுத்தார். முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை. 1974-ல் தமது 95-வது வயதில் இறந்து, கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இந்தியா அந்தச் சிலந்திப் புழு நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ல்.

கணக்குப் பதிவியலில் பெரும்பாலான நிலையான சொத்துகளுக்குத் தேய்மானம் உண்டு. இயந்திரத்தின் ஆயுள் முடிந்தால் எஞ்சிய மதிப்பைக் குறித்துக்கொண்டு ஒதுக்கிவிடுவார்கள். உலகம் மனிதனையும் அப்படித்தான் நடத்துகிறது. 'பிராண்ட் பாட்டி'யின் கணக்கில் மட்டும் அந்தப் பத்தி காலியாகவே இருந்தது.

முதலில் மதிப்பு, பிறகு வேலை

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இப்படி வாழக் கிறிஸ்தவ விசுவாசம்தான் வேண்டுமா? இல்லை. கிறிஸ்தவர் அல்லாத பாபா ஆம்தே மகாராஷ்டிரத்தில் ஆனந்தவனத்தை அமைத்துத் தொழுநோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். நல்ல நோக்கம் எந்த ஒரு மதத்துக்கும் தனி உரிமை அல்ல.

அவர்கள் மதம் பரப்பத்தானே வந்தார்கள் என்ற கேள்வியும் உண்டு. ஆம், இயேசுவைப் பற்றிச் சொல்லத்தான் வந்தார்கள். அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் மருந்து வெறும் தூண்டிலாக இருந்திருந்தால், ஒரு மீனும் சிக்காத வருடங்களில் அதை மடக்கி வைத்திருப்பார்கள். கஞ்சி கொண்டுபோன வீடுகளில் எதிரியின் வீடும் ஒன்று.

அப்படியானால் கிறிஸ்தவ விசுவாசம் தனியாகத் தருவது என்ன? வரிசையை மாற்றுகிறது. உலகத்தின் வரிசை இது: முதலில் சாதித்துக் காட்டு, பிறகு உனக்கு மதிப்பு. சிலுவையின் வரிசை நேர் எதிரானது. எதுவும் சாதிப்பதற்கு முன்பே ஒருவன் நேசிக்கப்பட்டிருக்கிறான். அவனுக்காக விலை ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. அவன் வேலை செய்வது மதிப்பைச் சம்பாதிக்க அல்ல, பெற்றுக்கொண்டதற்கு நன்றியாக. அதனால்தான் பலன் தெரியாத வருடங்களிலும் எவலினால் நிலைத்து நிற்க முடிந்தது.

இது வெறும் தத்துவம் அல்ல. மதிப்பெண் குறைந்ததற்காக உயிரையே விட்டுவிடும் பிள்ளைகள் இந்த மாநிலத்தில் உண்டு. "நீ எடுத்த மதிப்பெண்தான் நீ" என்று வீடும் பள்ளியும் சொல்லிச் சொல்லி நம்பவைத்ததன் விலை அது. அவர்களுக்கு முதலில் தேவை பெரிய இலட்சியம் அல்ல. தோற்றாலும் தான் வேண்டியவன் என்ற உறுதி. அந்த உறுதியைத் தர வேண்டிய திருச்சபைகளே சாட்சி மேடையில் ரேங்க் வாங்கியவனையும் விசா கிடைத்தவனையும் மட்டும் ஏற்றினால், உலகத்தின் பாடத்தையே வேறு மொழியில் நடத்துகின்றன என்றுதான் அர்த்தம்.

எல்லோரும் மலை ஏற வேண்டுமா?

வேண்டாம். லூக்கா எழுதிய நற்செய்தியில் வரும் நல்ல சமாரியன் மிஷனரி அல்ல. தன் வேலையாகப் பயணம் போன ஒருவன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து நின்றான். காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்தான், மேலும் ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகக் கணக்கும் சொன்னான். பிறகு தன் பயணத்தைத் தொடர்ந்தான்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். ஐடா ஸ்கடர் 1902-ல் கட்டிய மருத்துவமனைக்குப் பணம் கொடுத்தவர் அமெரிக்காவில் வங்கித் தொழிலில் இருந்த ஒருவர். இறந்துபோன தன் மனைவியின் நினைவாக அவர் கொடுத்தது 10,000 டாலர். அவர் வேலூரில் ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்ததில்லை. ஆனாலும் அந்த வேலையில் அவருக்கும் பங்கு உண்டு. கணக்கு எழுதுபவர் இல்லாமல் எந்த மருத்துவமனையும் ஒரு வாரம்கூட ஓடாது. பொய்க் கணக்கு எழுத மறுக்கும் கணக்காளர், வங்கியில் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கும் பெரியவருக்கு எழுதிக் கொடுக்கும் குமாஸ்தா, தோற்றுப்போன நண்பனின் அறைக் கதவைத் தட்டும் மாணவன் என்று எல்லோருக்கும் அழைப்பு உண்டு.

பொருள் தேட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தேடுங்கள். சி.ஏ. படியுங்கள், நல்ல சம்பளம் வாங்குங்கள். ஆனால் வாழ்க்கையின் பொருள் கடைசிப் படியில் காத்திருக்கிறது என்று நினைத்து ஏறிக்கொண்டே இருக்க வேண்டாம். ஐடாவின் கதவு தட்டப்பட்டது அவர் வேறு எங்கோ போகத் தயாராக இருந்த இரவில்தான். தட்டுகிற சத்தம் இன்று விடுதியின் பக்கத்து அறையிலிருந்துகூட வரலாம். எழுந்து போய்த் திறந்தால் போதும்.