துள்ளலா, அகவலா?

இலக்கியம் பேசும் பக்கத்தில் உடற்பயிற்சிக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடும். நாற்பதைக் கடந்து, நாற்காலியோடும் நூல்களோடும் வாழ்பவர்கள் நம்மிடையே மிகுதி. தெற்காசியரை மாரடைப்பு மேலைநாட்டாரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே தாக்குகிறது. உடல் நிறைக் குறியெண் 23ஐ எட்டினாலே இந்தியருக்கு அது அதிக எடை என்கிறார்கள் நம் மருத்துவர்கள். எனவே இது நமக்குப் புறத்தே உள்ள பேச்சு அல்ல.

இதய நலனுக்கு ஒரே சீராக நடப்பது நல்லதா, வேகத்தையும் மென்னடையையும் மாற்றி மாற்றிச் செய்யும் பயிற்சி நல்லதா? யாப்பின் மொழியில் கேட்டால், அகவலா, துள்ளலா?

துள்ளலுக்கு வலுவான சான்றுகள் உண்டு. 2007இல் நார்வேயில் இதயம் பலவீனமுற்ற 27 பேரிடம் நடந்த ஆய்வில், நான்கு நிமிட வேகத்தை நான்கு முறை செய்தவர்கள் சீராக நடந்தவர்களைவிட மிகுந்த பலன் கண்டனர். அதே ஆண்டு ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார், மூன்று நிமிடம் விரைந்தும் மூன்று நிமிடம் மெதுவாகவும் நடந்த முதியோரின் இரத்த அழுத்தம் குறைந்ததைக் காட்டினர். ஆனால் 2017இல் ஒன்பது ஐரோப்பிய மையங்களில் 261 இதய நோயாளிகளிடம் சோதித்தபோது அந்த மேன்மை நிலைக்கவில்லை. எடை மிகுந்தோரைப் பற்றிய ஆய்வுகளை அதே ஆண்டு தொகுத்துப் பார்த்தவர்கள், கொழுப்பும் இடுப்புச் சுற்றளவும் இரு முறைகளிலும் ஒத்தே குறைந்தன என்றனர். வேகப் பயிற்சிக்கு நேரம் மட்டும் சுமார் 40 விழுக்காடு குறைவு.

ஆகவே என் கருத்து இது: பல்லாண்டு அசையாதிருந்த உடல் அகவலில் தொடங்கட்டும். சில வாரங்கள் கழித்து இடையிடையே துள்ளல் சேரட்டும். நெஞ்சுவலியோ சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேகத்தைத் தொடவேண்டாம்.

ஆயினும் மீஞ்சூரில் வாழ்பவருக்கு இவ்வாதம் இரண்டாவது கேள்விதான். எங்கே நடப்பது என்பதே முதல் கேள்வி. ஒருபுறம் அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள். மறுபுறம் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு ஓடும் கண்டெய்னர் லாரிகள். வேகமாக நடப்பவர் பன்மடங்கு காற்றை இழுக்கிறார். அதோடு தூசியையும் சாம்பலையும் இழுக்கிறார். இதயத்தைக் காக்கச் செய்யும் முயற்சியே இதயத்துக்குச் சுமையாகிறது.

2023 நவம்பர் 4 அன்று, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்ற திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் பழவேற்காட்டிலிருந்து திருத்தணிவரை நீளும் மாவட்டத்துக்கு ஒரு பாதை எப்படிப் போதும்? நடப்பதற்கென்று ரயிலேறிப் போகிறவர் யார்?

பெருஞ்செலவு தேவையில்லை. பள்ளி, கல்லூரி மைதானங்களை விடியற்காலை இரண்டு மணி நேரம் ஊருக்குத் திறந்துவிடலாம். சுற்றிலும் மரம் வைக்கலாம். கல்விக்கூடங்களில் பணிபுரியும் நாமே இதைக் கேட்கத் தகுந்தவர்கள். முதலில் கேட்க வேண்டியவர்களும் நாமே. மைதானம் திறக்கட்டும், அகவலா துள்ளலா என்பதை அங்கே நடந்தபடி பேசித் தீர்ப்போம்.