ரூமா கிணறும் கண்ணாடி இழையும்

 

2025 ஜூன் 6 அன்று ஒன்றிய அரசு 'உமீத்' என்னும் இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃபு சொத்துகள் அனைத்தையும் ஆறு மாதங்களுக்குள் அதில் பதிய வேண்டும் என்றது. அச்சட்டத்தின் நியாய அநியாயம் வேறு விவாதம். நாம் இங்கே பேச விழைவது, அந்த ஆறு மாதங்களில் சிற்றூர் ஜமாஅத்துகள் பட்ட பாட்டைப் பற்றி. இரும்புப் பெட்டியிலிருந்த பழம் பத்திரங்களைப் பையிலிட்டுக்கொண்டு, முதிய முத்தவல்லிகள் பேருந்தேறி, நகரத்துக் கணினி மையங்களில் காத்துக் கிடந்தார்கள். டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் காலக்கெடுவை நீட்டிக்க மறுத்து, தீர்ப்பாயங்களை அணுகுமாறு கூறிவிட்டது. முன்னோர் அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்ற நிலத்தைக் காக்க நமக்கு அன்று தேவைப்பட்டது, அறுந்து போகாத ஓர் இணைய இணைப்பு. அது நம் மஹல்லாவில் இல்லை.

ஏன் இல்லை? பாதிப் பழி அரசின் மீது. மீதிப் பழி நம் மீது.

அரசின் பங்கை முதலில் பார்ப்போம். நாட்டின் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வடம் கொண்டு செல்லும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. பின்னர் அதற்கு 'பாரத்நெட்' என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளும் அதில் அடங்கும். ஆனால் திட்டத்தின் தொடக்க வரைவே ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து வீடுகளுக்கு இணைப்பை எடுத்துச் செல்வது பிறர் பொறுப்பாக விடப்பட்டது. இலாபம் தெரியாத தெருவுக்குள் எந்த நிறுவனம் வடம் இழுக்கும்? வாய்க்கால் வெட்டி வயலுக்கு மடை வைக்காத கதைதான் இது.

அண்டை மாநிலமான கேரளம் வேறு வழியில் சிந்தித்தது. 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய 'கே-ஃபோன்' திட்டம், 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதை இலக்காக அறிவித்தது. முதற்கட்டமாக எடுத்துக்கொண்டது 14,000 குடும்பங்களையே. இலக்குக்கும் செயலுக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. ஆயினும் ஏழையின் வீடு அங்கே கணக்கில் இருக்கிறது. அம்மாநில உயர் நீதிமன்றமும், விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என 2019-இல் தீர்ப்பளித்தது.

இனி நம் பங்கு. "வீட்டுக்குள் இணையம் வந்தால் ஃபித்னா வரும்" என்று சிலர் மிம்பரிலிருந்தே எச்சரிக்கிறார்கள். அந்த அச்சம் முற்றிலும் பொய்யென்று நாம் சொல்லவில்லை. நாமும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர்கள். அவர்களின் கண்களில் தெரியும் உறக்கமின்மையை அறிவோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: ஃபித்னா இன்னும் வராமலா இருக்கிறது? அது நம் ஆண்களின் சட்டைப் பையில் எப்போதோ வந்து அமர்ந்துவிட்டது. கேளிக்கைக்குக் கைப்பேசியின் சிறு திரை போதும். நீட் விண்ணப்பத்துக்கும், கல்வி உதவித்தொகைப் படிவத்துக்கும், ஹஜ் விண்ணப்பத்துக்கும், இரண்டு மணி நேரப் பாடத்துக்கும் அது போதாது. வேண்டாதது வந்துவிட்டது, வேண்டியதற்குத்தான் நாம் கதவடைக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி. வாப்பா வேலைக்குச் செல்லும்போது அதுவும் அவரோடு வெளியே போய்விடுகிறது. கம்பிவழி இணைப்போ வீட்டிலேயே இருக்கும். உம்மாவுக்கும் மகளுக்கும் அது பயன்படும். 2020 ஊரடங்கில், பள்ளிப் பாடத்துக்காக இரவு வாப்பா வரும்வரை காத்திருந்த பெண்பிள்ளைகளை நாம் கண்டோம். அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். ஃபித்னா என்னும் வாதம் ஆணின் கைப்பேசியைத் தடுத்ததில்லை. அது தடுத்தது இந்தப் பெண்பிள்ளைகளின் படிப்பைத்தான்.

மதீனாவின் ரூமா கிணற்றை நினைத்துப் பாருங்கள். அதன் நீர் இனியது. ஆனால் விலைக்கு விற்கப்பட்டது. காசில்லாதவருக்குத் தாகம் மட்டுமே மிச்சம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆர்வமூட்ட, உஸ்மான் (ரலி) அவர்கள் தம் செல்வத்தால் அக்கிணற்றை வாங்கிப் பொதுவாக்கினார்கள். அதன்பின் அவர்களுடைய வாளிக்கும் ஏழையின் வாளிக்கும் வேறுபாடு இருக்கவில்லை. இன்று அளந்து அளந்து விற்கப்படுவது இணையம். பள்ளிவாசலின் மின்விளக்கு அலங்காரத்துக்கும் கந்தூரி விருந்துக்கும் தாராளமாகத் திறக்கும் நம் கைகள், இந்தக் கிணற்றுக்கு ஏன் மூடிக்கொள்கின்றன?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. அடுத்த கிராம சபையில் ஜமாஅத்தார் திரண்டு சென்று, ஊராட்சி அலுவலகத்தில் நிற்கும் வடம் எப்போது தெருவுக்கு வரும் என்று கேட்டு, அதைத் தீர்மானமாகப் பதியச் செய்யட்டும். நம் தெருவுக்கு மட்டுமன்று, ஊருக்கே கேட்கட்டும்; தாகத்துக்குச் சமயமில்லை. மதரஸாவிலோ ஜமாஅத் நூலகத்திலோ ஓர் இணைப்பும் இரண்டு கணினிகளும் வைக்கட்டும். அஸருக்குப் பின் ஒரு நேரம் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்கி, பொறுப்பான ஆசிரியை ஒருவரை உடன் அமர்த்தட்டும். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற 'பிஎம்-வாணி' திட்டத்தின்படி, ஒரு பெட்டிக்கடைகூட உரிமம் பெறாமல் பொது வைஃபை வழங்கலாம். கண்காணிப்பு வேண்டுமா? பூட்டிய அறையில் தனித்துப் பார்க்கும் கைப்பேசியைவிட, பலர் அமர்ந்திருக்கும் அறையிலுள்ள கணினியே பாதுகாப்பானது.

நாளை மறுமையில், "பிள்ளைகளைத் தீமையிலிருந்து காத்தோம்" என்று மட்டும் சொல்லி நாம் தப்பிவிட முடியாது. அறிவின் வாயிலை அவர்களுக்கு ஏன் அடைத்தீர்கள் என்றும் கேட்கப்படுவோம். அதற்கு விடை சொல்லும் வகையில் நடந்துகொள்ள வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.